நான்கெழுத்து வார்ப்பு

சேலம் அரிசிப்பாளையத்தில் ஒரு தையற்கடையின் மாடியில் ஞானதாஸின் பல் லேப் இருக்கிறது. நோயாளிகள் அங்கே வருவதில்லை. பல் மருத்துவர்கள் நோயாளியின் வாயில் எடுத்த அச்சைக் கெட்டியான மஞ்சள் மாவில் வார்த்து, அடியில் ஓர் எண்ணை எழுதி, அட்டைப் பெட்டியில் வைத்துப் பேருந்தில் அனுப்பிவிடுவார்கள். அந்த அச்சின்மேல் ஞானதாஸ் பல் செட்டைச் செய்து அதே பெட்டியில் திருப்பி அனுப்புவார். ஆகவே அவர் பல் கட்டிய ஆயிரக்கணக்கான மனிதர்களில் ஒருவரையும் அவருக்குத் தெரியாது. அவர்களுக்கும் அவரைத் தெரியாது. இந்த ஏற்பாடு அவருக்குப் பிடித்திருந்தது. மனிதர்கள் நேரில் வந்தால் பேசுவார்கள் என்பதும், பேசினால் தமக்குக் கோபம் வரும் என்பதும் அவர் அறிந்தவை.

அவருடைய தனித்திறமை உலோகப் பிளேட். பிளாஸ்டிக் செட்டு மேலண்ணம் முழுவதையும் தடிமனாக மூடிவிடும்; பேச்சு குழறும், காப்பியின் சூடு தெரியாது, எலும்பைக் கடித்தால் நடுவே விரிசல் விடும். கோபால்ட்டும் குரோமியமும் கலந்த உலோகத்தில் வார்த்த பிளேட் அப்படியன்று. அரை மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். சூடும் குளிர்ச்சியும் உடனே தெரியும். மிஞ்சியிருக்கும் பற்களைக் கொக்கிகள் பிடித்துக்கொள்ளும். ஆனால் அதைச் செய்பவர் மெழுகில் ஒரு மயிரிழை தவறினாலும், உலையிலிருந்து வெளிவந்த பிறகு திருத்த இயலாது. வாயில் உட்காராத உலோகத்தைத் தூக்கித்தான் போட வேண்டும். ஞானதாஸ் தூக்கிப் போட்டவை மிகச் சில.

இந்தத் திறமை இல்லையென்றால் அவரிடம் எந்த மருத்துவரும் வேலை கொடுத்திருக்க மாட்டார். அச்சு சரியில்லை என்று அவருக்குத் தோன்றினால், அதன் நெற்றியில் சிவப்புப் பென்சிலால் ‘மறுபடி எடு’ என்று எழுதித் திருப்பிவிடுவார். ‘எடுங்கள்’ என்று எழுதலாமே என ஒரு மருத்துவர் கேட்டதற்கு, அச்சில் அத்தனை இடம் இல்லை என்றார். ஓமலூர் டாக்டர் தேவிப்ரியாவுடன் நடந்த தகராறு இன்னும் பிரசித்தம். அந்தப் பக்கத்துச் சில ஊர்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புக் கோடு விழுந்திருக்கும். ஒருவருக்கு முன்பல் வைக்கும்போது, இரு பக்கத்துப் பற்களுக்கும் பொருந்துமாறு ஞானதாஸும் மெல்லிய பழுப்புக் கோடு தீட்டி அனுப்பினார்.

“ஏனுங்கண்ணா, புதுப் பல்லுல அழுக்கா இருக்குதுங்களே?” என்று தேவிப்ரியா தொலைபேசியில் கேட்டார்.

“நீங்க பக்கத்துப் பல்லைப் பார்த்தீங்களா, இல்லை போனை மட்டும் பார்த்தீங்களா? அத்தனை பல்லும் பழுப்பு, நடுவுல ஒண்ணு மட்டும் பால் வெள்ளைன்னா, அந்தாளு சிரிக்கறப்ப லைட்டு எரியற மாதிரி இருக்காதா?”

தேவிப்ரியா இரண்டு மாதம் வேலை அனுப்பவில்லை. பிறகு வேறு வழியின்றி அனுப்பினார். ஞானதாஸின் வருவாயில் சரிபாதி அவருடைய மருத்துவமனையிலிருந்தே வந்தது.

1968இல் பிறந்தவர் ஞானதாஸ். தந்தை சூசை ரயில்வே ஊழியர். ஐந்து வயது மூத்த அண்ணன் பிரான்சிஸ் படித்து, மேட்டூரில் ஒரு ரசாயன ஆலையில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே வீடு கட்டிக்கொண்டார். ஞானதாஸ் பன்னிரண்டாம் வகுப்பில் தேறாமல், ஒரு பல் மருத்துவரின் பின்னறையில் மாவு குழைக்கப் போனார். சென்னையில் நான்காண்டுகள் உலோக வார்ப்புக் கற்றுத் திரும்பினார். அவர் சொந்த உலை போட்ட அடுத்த சில ஆண்டுகளில் சூசை படுக்கையில் விழுந்தார். மேட்டூரில் மூத்த மகன் வீட்டில் எட்டு மாதம் கிடந்து இறந்தார்.

அந்த எட்டு மாதத்தைப் பற்றி இரண்டு கூற்றுகள் உண்டு. தம்பி ஒரு நாள்கூட வந்து எட்டிப் பார்க்கவில்லை என்பது பிரான்சிஸின் கூற்று. அப்பா படுத்துவிட்ட செய்தியையே தம்மிடமிருந்து மறைத்துவிட்டார்கள் என்பது ஞானதாஸின் கூற்று. இரண்டையும் விசாரித்துத் தீர்க்கக்கூடியவர் சூசை ஒருவரே. அவரை அரிசிப்பாளையம் பங்கின் கல்லறையில் அடக்கம் செய்தாயிற்று.

2005ஆம் ஆண்டு கல்லறைத் திருநாளன்று மாலை, மெழுகுத்திரிகளும் செவ்வந்தி மாலைகளும் கொண்டு குடும்பங்கள் கூடியிருந்தபோது, ஞானதாஸ் தந்தையின் கல்லறைமேல் புதிதாகப் பதித்திருந்த கல்லைப் படித்தார். ‘என்றும் உம் நினைவில் வாழும் மகன் பிரான்சிஸ், மருமகள், பேரப்பிள்ளைகள்’ என்றிருந்தது. மகன்கள் என்று இல்லை. மகன் என்று இருந்தது. சூசைக்கு ஒரே மகன் என்று படிப்பவர் எவரும் நினைப்பார்கள். ஞானதாஸ் மறுமுறை படித்தார். பிறகு திரும்பி, சாமியார் அடுத்த வரிசையில் தீர்த்தம் தெளித்துக்கொண்டிருக்கும்போதே, அண்ணனின் வாயில் குத்தினார். பிரான்சிஸின் இடது மேல் முன்பல் சாய்வாக உடைந்தது.

அன்று முதல் பேச்சில்லை. பத்தொன்பது ஆண்டுகளில் ஞானதாஸ் அந்தக் கல்லருகே போகவுமில்லை. தம் பெயர் அதில் ஏற வேண்டும், அதையும் அண்ணனே ஏற்ற வேண்டும் என்பதைத் தவிர அவர் அந்தக் குடும்பத்திடம் வேறெதையும் கேட்டதில்லை. அதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

சென்ற ஆண்டு மே மாத முதல் ஞாயிறு, பூசை முடியும் தறுவாயில், மூன்று ஞாயிறுகள் வாசிக்க வேண்டிய திருமண ஓலையை முதல்முறை வாசித்தார்கள். பங்கைச் சேர்ந்த ஒரு மணமகன் பெயரைச் சொல்லி, “மேட்டூர் பங்கைச் சேர்ந்த பிரான்சிஸ் அவர்களின் மகள் ஜெனிட்டாவுக்கும்” என்று வாசித்தபோது, பக்கத்தில் முழந்தாளிட்டிருந்த மனைவி வேளாங்கண்ணி அவரைப் பார்த்தாள். இத்திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் தெரிவிக்க வேண்டும் என்று ஓலை முடிந்தது.

“தடை சொல்லப் போறீங்களா?” என்று வேளாங்கண்ணி வாசலில் கேட்டாள்.

“எதுக்கு? அந்தப் பையனுக்கு மாமனாரு யாருன்னு தெரிஞ்சும் கட்டிக்கிறான். அவன் தலையெழுத்து.”

அழைப்பிதழ் வரவில்லை. தெருவில் நான்கு வீடுகளுக்கு வந்தது. அவற்றில் ஒன்றை வேளாங்கண்ணி வாங்கிப் படித்து, உறவினர் பட்டியலில் மணமகளின் சித்தப்பா பெயர் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, கணவரிடம் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தாள். ஆனால் அவர் ஏற்கெனவே தையற்கடையில் படித்திருந்தார்.

இரண்டாம் ஓலை வாசித்த மறுநாள் ஓமலூரிலிருந்து பெட்டி வந்தது. எண் 417. மேல் பல்வரிசை, இருபுறமும் கடைவாய்ப் பற்கள் போயிருந்தன. இடது முன்பல் பாதிதான் இருந்தது. ‘உலோகப் பிளேட். இருபதாம் தேதிக்கு முன் வேண்டும். உடைந்த முன்பல்லைப் பிளேட் பொருத்தும் நாளில் பிடுங்கிவிடுவேன். அச்சில் அதை வெட்டிவிட்டுப் பல் வைக்கவும்’ என்று தேவிப்ரியாவின் குறிப்பு இருந்தது.

ஞானதாஸ் அச்சைச் சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். பல் உடைந்த சாய்வு வலமிருந்து இடமாக இறங்கியது. நேரெதிரில் நின்று வலக்கையால் குத்தினால் அப்படித்தான் உடையும். கோரைப்பல் அரைச்சுற்றுத் திரும்பி நின்றது. அதே திருகல் சூசையின் வாயில் இருந்தது, ஞானதாஸின் வாயிலும் இருக்கிறது. முகத்தைக் கண்டிருந்தால் ஒருவேளை அவருக்கு ஐயம் வந்திருக்கும். அச்சைக் கண்டபின் வரவில்லை.

அவர் தேவிப்ரியாவை அழைத்தார்.

“டாக்டரம்மா, நானூத்திப் பதினேழு. அந்த முன்பல்லு எப்படி உடைஞ்சுதாம்?”

“அது எதுக்குங்கண்ணா உங்களுக்கு? எப்படியும் எடுக்கப் போறோமுங்களே.”

“வேர் எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு தெரியணும்.”

“யாரோ அடிச்சுட்டாங்களாமுங்க. கம்ப்ளெயிண்ட் குடுக்கலையான்னு கேட்டேன். ‘யாரு மேல குடுக்கறது, அடிச்சவன் அப்பவே செத்துப் போயிட்டான்’னு சொன்னாருங்க. பாவம், நல்ல மனுசன். மகளுக்குக் கல்யாணமாமுங்க. அன்னைக்குப் பல்லோட நிக்கணுமுன்னு ஆசைப்படறாரு.”

ஞானதாஸ் நன்றி சொல்லாமல் தொலைபேசியை வைத்தார். அவர் எப்போதும் நன்றி சொன்னதில்லையாதலால் தேவிப்ரியாவுக்கு அதில் வேறுபாடு தெரியவில்லை.

அச்சைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். கொக்கியைத் தளர்த்திவிட்டு, பந்தியில் பிளேட் இலையில் விழட்டும் என்று விட்டிருக்கலாம். அச்சு யாருடையது என்று கேட்டறிந்த வேளாங்கண்ணி அதைத்தான் அஞ்சினாள்.

“கெட்டுப் போற மாதிரி எதுவும் செஞ்சுடாதீங்க. அந்தப் புள்ளை என்ன பண்ணுச்சு?”

“என் வேலை கெட்டுப் போகுமா? இருபத்தஞ்சு வருசத்துல எவனாவது சொல்லியிருக்கானா?” என்று அவர் உண்மையாகவே புண்பட்டுக் கேட்டார்.

அந்த வேலையில் அவர் காட்டிய கவனம் பகையின் கவனம். இது சரியில்லை என்று பிரான்சிஸின் வாய் சொல்லிவிடக் கூடாது. கொக்கி உட்காரும் இடங்களை மூன்று முறை அளந்தார். உடைந்த பல்லைச் சிறு வாளால் அறுத்து, ஈறின் வளைவுக்குச் செதுக்கினார். மாவுத் துண்டு மேசையில் விழுந்தது, ஊதித் தள்ளினார். பிறகு, வார்ப்புக்கான மெழுகுத் தகட்டைப் படிய வைத்தபின், மேலண்ணத்தின் நடுவே, நாக்கு எந்நேரமும் தொடும் இடத்தில், பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு மெழுகு நூலால் நான்கு எழுத்துகள் எழுதினார்: ஞானதாஸ்.

மெருகு போடும் செந்தமிழன் பதினாறு ஆண்டுகளாக அவரிடம் இருப்பவன். மாதம் ஒருமுறை நின்றுவிடுவதாகச் சொல்லி, மறுநாள் வந்துவிடுபவன். வார்ப்பு வெளிவந்து மணலடித்தபின் அவன் அதைக் கையில் எடுத்துப் பார்த்தான்.

“ஏனுங்க, இனிமே லேப் பேரைப் போட்டுத்தான் அனுப்பறோமா?”

“ஆமா.”

“அப்ப என் பேரையும் ஒரு ஓரத்துல போடுங்க. தேய்க்கறது நானுதானுங்களே.”

“அந்த எழுத்து மேல உன் மோட்டார் பட்டுது, கையை வார்த்துப்புடுவேன்.”

செந்தமிழன் எழுத்துகளைச் சுற்றித் தேய்த்தான். உலோகம் கண்ணாடியாக மின்னியது. நடுவே நான்கெழுத்தும் புடைத்து நின்றன.

வியாழக்கிழமை பிரான்சிஸின் உடைந்த பல்லைப் பிடுங்கிவிட்டுத் தேவிப்ரியா பிளேட்டைப் பொருத்தினார். எழுத்துகளை அவரும் பார்த்தார். லேப்காரரின் திமிர் இப்போது முத்திரை அளவுக்கு வளர்ந்துவிட்டது என்று எண்ணியதோடு சரி. பிளேட் அத்தனை கச்சிதமாக உட்கார்ந்தது. பிரான்சிஸுக்கு வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை நாக்கில் ஏதோ நெருடியது. கண்ணாடி முன் வாயைத் திறந்து பார்த்தார். பிறகு கழற்றிச் சன்னலருகே கொண்டுபோய்ப் படித்தார்.

வெள்ளிக்கிழமை காலை தேவிப்ரியா அழைத்தபோது குரலில் ‘அண்ணா’ இல்லை.

“அவரு உங்க அண்ணனாமுங்களே! என்ன வேலை செஞ்சு வெச்சிருக்கீங்க? அவரு இங்க வந்து அழுகாத குறைங்க. இன்னைக்கே வாங்கி அந்த எழுத்தைத் தேய்ச்சு அனுப்புங்க.”

“நீங்களே தேயுங்க.”

“என்கிட்ட இருக்கற மிசின்ல அந்த மெட்டல் தேயுமா? தெரிஞ்சேதானே பேசறீங்க?”

“அப்ப அவரையே வரச் சொல்லுங்க. நேர்ல கேட்டா தேய்ச்சுத் தாரேன்.”

“இதோட நமக்குள்ள முடிஞ்சுதுங்க” என்றார் தேவிப்ரியா. அது மிரட்டலன்று என்பது அடுத்த வாரமே தெரிந்தது. ஓமலூர்ப் பெட்டிகள் நின்றுபோயின.

திருமணம் திங்கட்கிழமை. சனிக்கிழமை பதினொரு மணிக்குப் பிரான்சிஸ் மாடிப்படி ஏறி வந்தார். அறுபத்தொரு வயது. கையில் கைக்குட்டைப் பொட்டலம். வாசலிலேயே நின்று, முன்பின் அறியாத ஒருவரிடம் பேசுவதுபோல் கேட்டார்:

“பல் மெக்கானிக் சாருங்களா?”

“ஆமாங்க. உள்ளே வாங்க.”

“இல்லீங்க, இங்கயே நிக்கறேன். இந்தப் பிளேட்டுல என்னமோ எழுத்து இருக்குதுங்க. உறுத்துது. அழிச்சுக் குடுங்க.”

முன்பல் இல்லாததால் சொற்களில் பாதி காற்றாக வந்தது. ஞானதாஸ் எழுந்திருக்கவில்லை.

“என்ன எழுத்துங்க?”

“செஞ்சவருக்குத் தெரியாதுங்களா?”

“தினமும் பத்துப் பிளேட்டு பார்க்கறேனுங்க. நீங்களே படிச்சுச் சொல்லுங்க. எந்த எழுத்துன்னு தெரிஞ்சாத்தானுங்களே அழிக்க முடியும்?”

செந்தமிழன் தன் மோட்டாரை நிறுத்தினான். வேலை கெடாமல் கேட்பது கடினம் என்பது அவன் கண்ட உண்மை.

“படிக்கற மாதிரி இல்லீங்க. நாலு எழுத்து. நாலும் கோணல்.”

“கோணலா?” ஞானதாஸின் மரியாதை அங்கே அறுந்தது. “கண்ணாடி வச்சு எழுதுனது. செத்தவன் கைவேலைக்கு அதுக்கு மேல என்ன வேணும்? எனக்கு எப்ப ஆத்தும பூசை வச்சீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் வந்து முழங்கால் போட்டிருப்பேனே.”

பிரான்சிஸின் முகம் சிவந்தது. அந்நேரம் வேளாங்கண்ணி காப்பியோடு மேலே வந்தாள்.

“உள்ளே வாங்க மாமா. காப்பி குடிங்க.”

“வேண்டாம்மா.”

“உங்க தம்பிக்காகக் குடிக்க வேண்டாம். பிளேட்டைப் போட்டுக்கிட்டு ஒரு வாய் குடிச்சுப் பாருங்க. சூடு தெரியுதா இல்லையான்னு சொல்லுங்க. அதைத்தான் இந்த மனுசன் ஊரெல்லாம் பீத்திக்கறாரு.”

பிரான்சிஸ் உள்ளே வந்தார், உட்காரவில்லை. பொட்டலத்தைப் பிரித்து, பிளேட்டைத் தம்பியின் மேசையில் வைத்தார். வைத்த கை சற்று நேரம் அங்கேயே இருந்தது.

“சரிடா,” என்றார். “அழி. கல்லுல உம் பேரைப் போட்டுடறேன். கண்ணாலம் முடிஞ்ச மறுநாளு நானே கல்லுக்காரனைக் கூட்டிட்டு வாரேன்.”

பத்தொன்பது ஆண்டுகளாக ஞானதாஸ் கேட்கக் காத்திருந்த சொல் அது. அவர் தேய்க்கும் கல்லை மோட்டாரில் மாட்டினார். பிளேட்டை எடுத்தார். பத்து நிமிட வேலை. எழுத்தின்மேல் கல்லைக் கொண்டுபோனவர், இயக்காமல் நிறுத்தினார்.

“முதல்ல கல்லுல போட்டுட்டு வா. அப்புறம் அழிக்கறேன்.”

“திங்கக்கிழமை கண்ணாலம்டா!”

“நாளைக்கு ஒரு நாள் இருக்குதே. நாலெழுத்துத்தான். கோணலா வெட்டினாலும் பரவாயில்லை.”

“என் பேச்சு மேல நம்பிக்கை இல்லையா உனக்கு?”

“உசுரோட இருக்கறவனைச் செத்துட்டான்னு சொன்ன வாயி.”

“அடிச்ச கை செஞ்சதை ரெண்டு நாளா வாயில வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். அதுக்கு மேல என்னடா நம்பிக்கை வேணும்?”

“கல்லு முதல்ல.”

“அழிக்கறது முதல்ல.”

“ஏனுங்க, அழிச்சுக் குடுங்களேன்” என்றாள் வேளாங்கண்ணி. “அவரு சொன்னாச் செய்வாரு.”

“அப்பா படுத்திருந்தப்பவும் சொல்லியனுப்பினேன்னுதான் சொல்றான்.”

பிரான்சிஸ் தம்பியின் கையிலிருந்து பிளேட்டைப் பிடுங்கிக்கொண்டார். இரு கட்டைவிரல்களால் வாய்க்குள் அழுத்தினார். கொக்கிகள் பற்களைப் பற்றிய ஒலி கேட்டது. தாம் செய்த பிளேட் ஒரு வாயில் ஏறுவதை ஞானதாஸ் வாழ்நாளில் அன்றுதான் கண்டார். கோபத்தின் நடுவே அவருடைய கண் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“வலப்பக்கம் கடிக்கறப்ப இடிக்குதா?”

“இல்லை.”

“ரெண்டு நாள்ல நாக்குக்குப் பழகிடும்.”

“பழகாது” என்றார் பிரான்சிஸ். இப்போது ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக விழுந்தது. படியிறங்கிப் போனார்.

திங்கட்கிழமை கோயில் மணி அடித்தபோது ஞானதாஸ் வேலை செய்துகொண்டிருந்தார். பங்கு மண்டபத்தில் பிரியாணி வெந்த வாசனை மாடிவரை வந்தது. மணல் வாங்கிவரப் போன செந்தமிழன் ஒன்றரை மணி நேரம் கழித்து, மணல் இல்லாமல், வாயில் வெற்றிலையோடு வந்தான்.

“எந்தப் பக்கமா மென்னான்?” என்று ஞானதாஸ் நிமிராமல் கேட்டார்.

“ரெண்டு பக்கமுந்தானுங்க. எலும்பையும் விடலை. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்ககிட்டக் கணீருன்னு பேசறாரு.”

“இடப்பக்கக் கொக்கி மேல ஏறுச்சா?”

“கண்ணால ஊட்டுல வாயைத் தொறங்கன்னு சொல்லியா பார்க்க முடியும்? பேசாத நேரத்துல மட்டும் நாக்கை மேலே வச்சு என்னமோ துழாவிக்கிட்டே இருக்காருங்க.”

ஞானதாஸ் வேலையைத் தொடர்ந்தார். அவன் சொன்னதில் எந்தப் பகுதி அவருக்கு மகிழ்ச்சி தந்தது என்பதை முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

மாதங்கள் சென்றன. கல்லில் எதுவும் ஏறவில்லை. பிளேட்டும் லேபுக்குத் திரும்பவில்லை. ஓமலூர் வேலை நின்றதால் செந்தமிழன் வாரத்தில் மூன்று நாளே வந்தான். ஒரு பிற்பகலில் வேளாங்கண்ணி காப்பியை மேசையில் வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

“கல்லுக்காரரை நாமளே கூட்டிட்டுப் போனா என்னங்க? உங்கப்பா கல்லு. யாரு தடுக்கப் போறாங்க?”

“எம்பேரை நானே எழுதிக்கறதா? எழுத வேண்டியவன் எழுதணும். இல்லைன்னா அதுக்கு என்ன மதிப்பு?”

“அப்ப பிளேட்டுல யாரு எழுதினது?”

ஞானதாஸ் அவளைப் பார்த்தார். பிறகு மோட்டாரைப் போட்டார். அவள் ஏதோ சொல்வது உதட்டசைவில் தெரிந்தது. அவள் படியிறங்கும்வரை, தேய்ப்பதற்குக் கையில் ஒன்றுமில்லாமலே, அதை ஓடவிட்டுக்கொண்டிருந்தார்.